உங்கள் ஆம்ப்புக்கு வயது என்ன? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: டிரான்சிஸ்டருக்குப் பதில் வால்வ் என்ற கண்ணாடிக் குழாய்கள் வேலை செய்யும் பழைய கிடார் ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்), அதிலும் முக்கியமாக அமெரிக்கக் கம்பெனியான ஃபெண்டர் செய்தது. எந்த வருஷத்தது, உள்ளே இருப்பது கம்பெனி போட்டதா, நடுவில் யாரோ மாற்றியதா, கொடுத்த காசுக்குத் தகுமா. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (டொரொண்டோ வாசகர்): ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஒன்று வாங்கினேன், கறுப்பு முகப்பு. விற்றவர் "1963 மாடல், சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்புக் கம்பெனி கைக்கு ஃபெண்டர் போவதற்கு முந்தையது, எல்லாமே ஒரிஜினல்" என்று சொல்லி அதற்கேற்ற விலையும் வாங்கிக்கொண்டார். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வால்வ் அட்டவணையில் ஏபி763 (AB763) என்று அச்சடித்திருக்கிறது, கடைசியில் 63 இருக்கிறதே, அதுதான் வருஷம் என்கிறார். அதே காகிதத்தில் ஓஜி (OG) என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர்களில் 606-5-19, 606-5-22 என்று இருக்கிறது. கண்ட்ரோல்களின், அதாவது குமிழ்களுக்குப் பின்னால் இருக்கும் பாகங்களின், முதுகில் 137 6514. ஸ்பீக்கர் விளிம்பில் 67-7438. இது 63 தானா சார்?

பதில்: இல்லை. 1965-ன் நடுப்பகுதி. ஸ்பீக்கர் அதற்கும் அப்புறம் வந்தது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஏபி763. இது ஆம்ப் பிறந்த தேதி இல்லை, சர்க்யூட் வரைபடத்தின் தேதி. 7 என்பது ஜூலை, 63 என்பது வருஷம், முன்னால் இருக்கும் எழுத்துகள் அந்த வரைபடத்தின் எத்தனையாவது திருத்தம் என்பதைக் காட்டுகின்றன. 1963 ஜூலையில் போட்ட அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு 1967 வரைக்கும் ஆம்ப் செய்தார்கள். ஆகவே ஏபி763 என்பதிலிருந்து உங்களுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான், இந்த ஆம்ப் 1963 ஜூலைக்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. விற்பவர்களில் பாதிப் பேர் இதை உண்மையிலேயே தெரியாமல் சொல்கிறார்கள், மீதிப் பேரைப் பற்றி நான் ஏன் பேச வேண்டும்.

தேதியைச் சொல்வது அந்த ரப்பர் ஸ்டாம்ப்தான். முதல் எழுத்து வருஷம், இரண்டாவது எழுத்து மாதம். 1951-க்கு ஏ (A), 52-க்கு பி (B) என்று ஆரம்பித்து வரிசையாகப் போனால் என் (N) என்பது 1964, ஓ (O) என்பது 1965, பி (P) என்பது 1966, க்யூ (Q) 1967. மாதம் ஜனவரிக்கு ஏ, டிசம்பருக்கு எல். ஓஜி என்றால் 1965 ஜூலை.

ஆனால் ஸ்டாம்பை மட்டும் நம்பாதீர்கள். அது காகிதம். பழையதைப் போலவே அச்சடித்த அட்டவணைகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்ய எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் மற்ற எண்கள் வேண்டும், நல்லவேளையாக நீங்கள் அவற்றையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் எலெக்ட்ரானிக் பாகம் செய்த கம்பெனிகளுக்கு அவர்களுடைய தொழில் சங்கம் ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருந்தது. அந்த எண்ணும் அதற்குப் பின்னால் வருஷமும் வாரமும் பாகத்தின் மேல் இருக்கும். 606 என்றால் ஷூமாக்கர், ஃபெண்டருக்கு நிறைய டிரான்ஸ்ஃபார்மர் செய்து கொடுத்தவர்கள். 5 வருஷத்தின் கடைசி இலக்கம், 19 வாரம். உங்கள் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களில் பிந்தையது 22-வது வாரம், அதாவது மே மாதக் கடைசி வாக்கில். 5 என்பது 1955-ஆகவும் இருக்கலாமே என்று கேட்கலாம், ஆனால் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற மாடலே 1963-ல்தான் வந்தது. 1975 என்றால் முகப்பு வெள்ளியாக இருக்க வேண்டும், 60-களின் கடைசியிலேயே கறுப்பு முகப்பு போய் வெள்ளி வந்துவிட்டது. ஆக 1965. கண்ட்ரோலில் 137 என்றால் சி.டி.எஸ். என்ற கம்பெனி, 6514 என்றால் 1965-ன் 14-வது வாரம்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கண்ட்ரோல் ஏப்ரல், டிரான்ஸ்ஃபார்மர் மே, காகிதத்தில் ஜூலை. பாகம் ஃபேக்டரிக்கு வந்து சில வாரம் அலமாரியில் கிடந்து, பிறகு ஆம்ப்புக்குள் போயிருக்கிறது. இப்படி வெவ்வேறு கம்பெனிப் பாகங்கள் சில மாத இடைவெளிக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்தால் அதைப் பொய்யாகச் செய்வது கஷ்டம். எல்லாத் தேதியும் ஒரே வாரமாக இருந்தால்தான் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்ப்பேன்.

இதில் ஒரு விதி இருக்கிறது, இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பாகத்தின் மேல் உள்ள எந்த எண்ணும் ஆம்ப் செய்த தேதியைச் சொல்லாது, "இதற்கு முன்னால் இல்லை" என்றுதான் சொல்லும். அதனால் மாற்றப்படாத பாகங்களில் எது கடைசித் தேதியோ அதையே அடியாக வைத்து அதற்கு மேலே தேட வேண்டும். "பழைய கண்ட்ரோல் இருக்கிறது, அதனால் பழைய ஆம்ப்" என்பது தலைகீழ்க் கணக்கு.

சரி, ஸ்பீக்கர். 67 என்பது எமினென்ஸ், 7438 என்றால் 1974-ன் 38-வது வாரம். எமினென்ஸ் கம்பெனியே 1966-ல்தான் தொடங்கியது, 1965 ஆம்ப்பில் அது பிறவியிலேயே இருந்திருக்க வழியில்லை. 465 என்று தொடங்கும் ஆக்ஸ்ஃபர்ட் அல்லது 220 என்று தொடங்கும் ஜென்சன் இருந்திருக்கும். யாரோ வாசித்து வாசித்துக் கிழித்துவிட்டு 70-களில் மாற்றியிருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபர்ட் ஸ்பீக்கரைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், சத்தத்தில் உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. விலையில்தான் நஷ்டம்.

சி.பி.எஸ். விஷயம். ஃபெண்டர் சி.பி.எஸ்.ஸுக்குக் கைமாறியது 1965 ஜனவரியில், 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு. உங்களுடையது அதற்கு அப்புறம். முகப்புத் தகட்டில் பழைய கம்பெனிப் பெயர், ஃபெண்டர் எலெக்ட்ரிக் இன்ஸ்ட்ரூமெண்ட், இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம், இருந்த தகடுகள் தீரும்வரை அதையே போட்டார்கள். அதை வைத்து "முந்தையது" என்று சொல்வதும் செல்லாது. ஆனால் சர்க்யூட் அதே ஏபி763, வேலை செய்தவர்களும் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் அதே ஆட்கள். 64 டிசம்பர் ஆம்ப்புக்கும் 65 ஜூலை ஆம்ப்புக்கும் காதில் வித்தியாசம் கண்டுபிடிப்பேன் என்று யாராவது சொன்னால் கண்ணைக் கட்டிவிட்டுக் கேளுங்கள். நீங்கள் கொடுத்த விலை 63-க்கும் ஒரிஜினல் ஸ்பீக்கருக்கும் சேர்த்து என்பதால், இந்த எண்களைக் காட்டி விற்றவரிடம் பேசிப் பாருங்கள். பேச்சில் "ஏமாற்று" என்ற வார்த்தையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், வேலை நடக்கும்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): என்னிடம் ஒரு பழைய 12 அங்குல ஸ்பீக்கர் தனியாக இருக்கிறது. 220731 என்று குத்தியிருக்கிறது, பி12ஆர் என்றும் இருக்கிறது. இது 1957-ஆ 1967-ஆ? இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: 220 ஜென்சன், 7 வருஷம், 31-வது வாரம். எந்தப் பத்தாண்டு என்பதை இந்த எண் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, யாராவது அடித்துச் சொன்னால் அது ஊகம்.

உதவக்கூடியது மாடல் பெயர். ஜென்சனில் முதல் எழுத்து காந்தம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லும். எஃப் என்றால் ஃபீல்டு காயில், அதாவது நிரந்தரக் காந்தமே இல்லாமல் மின்சாரம் கொடுத்துக் காந்தமாக்கும் பழைய முறை. பி (P) என்றால் அல்நிகோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் காந்தம். சி என்றால் செராமிக். நடுவில் உள்ள எண் அங்குலம், கடைசி எழுத்து காந்தத்தின் தரவரிசை. 60-கள் போகப்போக ஃபெண்டர் உள்பட எல்லோரும் செராமிக்குக்குப் போய்விட்டார்கள், அதனால் பி என்பது 1957 பக்கம் தராசைக் கொஞ்சம் சாய்க்கிறது. கொஞ்சம்தான். இது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று தெரிந்தால் கேள்வியே முடிந்துவிடும். டுவீட் துணி ஒட்டிய பெட்டி என்றால் 57, கறுப்பு டோலெக்ஸ் (தோல் மாதிரியான வினைல் உறை) பெட்டி என்றால் மறுபடி யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, எண் இருப்பது இரும்புச் சட்டத்தில். கோன் காகிதத்தையும் வாய்ஸ் காயிலையும் மாற்றினாலும் அந்த எண் அப்படியே இருக்கும். சட்டம் 57, காகிதம் போன வருஷம் என்று நிறைய உலவுகிறது. விளிம்பில் உள்ள பழைய பசைக்கு மேல் புதுப் பசை வழிந்திருக்கிறதா, நடு மூடி கோனின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி (பெங்களூரு வாசகர்): ஃபெண்டரின் கறுப்பு முகப்பு பாஸ்மேன் தலைப்பெட்டி (ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப் மட்டும் உள்ள பெட்டி) ஒன்று பேரத்தில் இருக்கிறது. வெளியே எல்லாம் சரியாக இருக்கிறது. உள்ளே யாரும் கை வைக்கவில்லை என்கிறார் சொந்தக்காரர். திறந்து பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார். என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் உயிர். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். வால்வ் ரேடியோ ரிப்பேர் பார்த்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள், அவர் அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகு நீங்கள் தலையை உள்ளே விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நேராகத் தட்டி இறக்கும் ஆசாமிகளை அழைத்துப் போக வேண்டாம்.

அப்புறம், எண்களைத் தேடாதீர்கள். முதல் பத்து நிமிஷம் சால்டரைப் பாருங்கள், தூசியைப் பாருங்கள். ஐம்பது அறுபது வருஷத் தூசி எல்லாப் பாகத்தின் மேலும் ஒரே மாதிரி படிந்திருக்கும். ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று இருந்தால் அங்கே யாரோ வந்து போயிருக்கிறார்கள். சால்டர் முடிச்சில் புதிதாக, பழுப்பாக ஃப்ளக்ஸ் (சால்டரோடு சேரும் பிசின்) வழிந்திருப்பது, பக்கத்து ஒயரின் உறை கருகியிருப்பது, பழைய பாகத்தின் கால் வெட்டப்பட்ட மிச்சம் ஐலெட்டில் (அட்டையில் பாகத்தின் கால் நுழையும் சின்ன உலோக வளையம்) நீட்டிக்கொண்டிருப்பது, புதுப் பாகத்தின் காலை அந்த மிச்சத்தில் சுற்றி ஒட்டியிருப்பது, இதெல்லாம் பின்னால் செய்த வேலை. டிரான்ஸ்ஃபார்மர் ஒயர் நடுவில் வெட்டி ஒட்டு போட்டு அதன் மேல் பிளாஸ்டிக் குழாய் சுருக்கியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபேக்டரியில் ஒட்டுப் போடும் வழக்கம் இல்லை. சேஸியில், அதாவது பாகங்கள் மாட்டியிருக்கும் உலோகத் தட்டில், காரணமில்லாத ஓட்டை இருந்தாலும் அதே கதைதான், வேறு அளவு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நடுவில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது.

ஒயர் உறையும் பேசும். கறுப்பு முகப்புக் காலத்து ஃபெண்டரில் துணி உறை போட்ட ஒயர், பின்னுக்குத் தள்ளினால் தானே விலகும். பிளாஸ்டிக் உறை ஒயர் வெள்ளி முகப்புக் காலத்தில் வந்தது. துணி ஒயர்களுக்கு நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் ஒயர் இருந்தால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடருங்கள், யாரோ எதையோ மாற்றிப் பார்த்திருப்பார்கள்.

ஒலி போகும் வழியில் உள்ள கபாசிட்டர்கள் நீல நிறத்தில், பிளாஸ்டிக்கில் வார்த்தெடுத்தது போல இருக்க வேண்டும். 50-களின் டுவீட் ஆம்ப்பில் மஞ்சள் நிற ஆஸ்ட்ரான் கம்பெனிக் கபாசிட்டர் இருக்கும், 60-களின் கடைசியில் பழுப்பு வரும். ரெசிஸ்டர்கள் கலர் வளையம் போட்ட கார்பன் வகை. இவை வயதானால் மதிப்பு கூடும், 100 கிலோ ஓம் என்று வளையம் சொல்லும், மீட்டர் 120 சொல்லும். அப்படிச் சொன்னால் அது குறையும்தான், பழையது என்பதற்கு அடையாளமும்தான். பாகங்களைத் தாங்கும் கறுப்பு ஃபைபர் அட்டை ஈரத்தை உறிஞ்சும். ஆம்ப் ஓடும்போது உங்கள் மெக்கானிக் மீட்டரின் முனையை வெறும் அட்டையில் வைத்துப் பார்க்கட்டும், அங்கேயும் சில வோல்ட் காட்டினால் அட்டை கசிகிறது. விலையைக் குறைக்க இது நல்ல காரணம்.

ஒரு கூடுதல் செய்தி. 50-களின் ஃபெண்டர் சேஸிகள் பலவற்றுக்குள் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் கையால் எழுதியிருக்கும். அந்த ஆம்ப்பை ஒயரிங் செய்தவர் அவர். ஃபுல்லர்ட்டனில் இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள், அதிலும் மெக்சிகோ வம்சாவளியினர் நிறைய. சேகரிப்பாளர்கள் இந்த டேப்புக்குத் தனி விலை கொடுப்பார்கள். ஆம்ப் உலகம் முழுக்கக் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டரின் பெயர்தான் ஒலிக்கிறது, கையெழுத்து மட்டும் இவர்களுடையது.

இத்தனையும் பார்த்துவிட்டு, மின்சாரம் வடிகட்டும் பெரிய கபாசிட்டர்கள் மட்டும் புதிதாக இருந்தால் சந்தோஷப்படுங்கள், அவை எப்படியும் மாற்ற வேண்டியவை. அதற்காக "யாரும் கை வைக்கவில்லை என்றீர்களே" என்று சண்டைக்குப் போகாதீர்கள், பேரத்துக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (சென்னை வாசகி): அமெரிக்காவில் இருந்த பெரியப்பா வைத்திருந்த ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவெர்ப் ஆம்ப் இப்போது எங்கள் வீட்டில். ஸ்டாம்ப் பிசி (PC). ரெண்டு பின் பிளக், பின்னால் கிரவுண்ட் என்று ஒரு சுவிட்ச். எதையும் மாற்றினால் விலை போய்விடும், அப்படியே வைத்திரு என்கிறான் அண்ணன். நான் இதில் வாசிக்க ஆசைப்படுகிறேன்.

பதில்: 1966 மார்ச். நல்ல வருஷம். வாசியுங்கள், அதற்காகத்தான் அதைச் செய்தார்கள். அண்ணன் சொல்வதில் பாதி சரி.

மாற்றக்கூடாதவை: டிரான்ஸ்ஃபார்மர்கள், ஸ்பீக்கர், கண்ட்ரோல்கள், நீலக் கபாசிட்டர்கள், குமிழ்கள், முகப்புத் துணி. இவை வேலை செய்யும்வரை தொட வேண்டாம். ஸ்பீக்கர் லேசாகக் கிழிந்திருந்தால்கூட மெல்லிய காகிதம் வைத்து ஒட்டுங்கள், புதுக் கோன் போட வேண்டாம்.

மாற்றியே ஆக வேண்டியவை: அந்த ரெண்டு பின் ஒயரும், கிரவுண்ட் சுவிட்சோடு சேர்ந்த ஒரு சின்னக் கபாசிட்டரும். அந்தக் கபாசிட்டர் மின்சார லைனின் ஒரு பக்கத்தை சேஸியோடு இணைக்கிறது. அது உள்ளே ஷார்ட் ஆனால் சேஸிக்குக் கரண்ட் வரும், சேஸியிலிருந்து கிடார் கம்பிக்கு வரும், நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மைக்கில் வைப்பீர்கள். அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் சாவுக் கபாசிட்டர். இதில் ஒரிஜினல் பார்க்க வேண்டாம். மூன்று பின் ஒயர் போட்டு, அதன் பச்சை எர்த் ஒயரைச் சேஸியில் தனி போல்ட்டில் முடுக்கி, அந்தக் கபாசிட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். விவரம் தெரிந்த எந்த வாங்குபவரும் இதற்காக விலையைக் குறைக்க மாட்டார்.

மின்சாரத்தை வடிகட்டும் எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களும் போக வேண்டும். அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் இருபது முப்பது வருஷத்தில் காயும், உங்களுடையதற்கு அறுபது ஆகப்போகிறது. உங்கள் மாடலில் இவை ஓர் அலுமினிய டப்பாவுக்குள் நாலு பிரிவாக இருக்கும். அதே அளவில் புது டப்பா இன்றும் செய்கிறார்கள். அல்லது பழைய டப்பாவை இணைப்பைத் துண்டித்து மேலே பார்வைக்கு அப்படியே விட்டுவிட்டு, கீழே சேஸிக்குள் புதியவற்றை வைப்பதும் உண்டு. கழற்றியது எதையும் எறியாதீர்கள். ஒரு ஜிப் பையில் போட்டு, தேதி எழுதி, பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள். அந்தப் பை இருந்தால் அண்ணனும் ஒன்றும் சொல்ல முடியாது.

இனி 230 வோல்ட். அந்த ஆம்ப் 117 வோல்ட்டுக்குச் செய்தது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரை மாற்றாதீர்கள், வெளியே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள், 300 விஏ இருந்தால் தாராளம். ஏர்போர்ட்டில் விற்கும், கையில் எடுத்தால் எடையே இல்லாத கன்வெர்ட்டர் ஆகாது. கனமாக இருக்க வேண்டும், உள்ளே இரும்பும் செம்பும் இருக்க வேண்டும். 110 வோல்ட் வெளியீடு கிடைத்தால் அதையே எடுங்கள், ஏனென்றால் இங்கே 50 ஹெர்ட்ஸ், அங்கே 60. அதிர்வெண் குறையும்போது டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் காந்தப் பெருக்கம் ஏறும், 117 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் 20 சதவீதம் கூடுதல், சூடும் ஏறும். 110 கொடுத்தால் அது 13 சதவீதத்துக்கு இறங்குகிறது. வால்வ் ஹீட்டருக்கு 6.3-க்குப் பதில் 5.9 வோல்ட் வரும், அதை அது தாங்கும்.

எல்லாம் முடிந்ததும் முதல் தடவை நேராகப் பிளக்கில் சொருகாமல் சீரிஸ் லேம்ப் (மின்சாரம் ஒரு பல்ப் வழியாகவே ஆம்ப்புக்குப் போகும்படி இணைப்பது) வைத்துப் போடச் சொல்லுங்கள். பல்ப் பளீரென்று எரிந்து பிறகு மங்கினால் சரி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைக்க வேண்டும், எங்கேயோ ஷார்ட்.

கேள்வி (லண்டன் வாசகர்): பிரிட்டிஷ் கம்பெனி மார்ஷலின் 4x12 பெட்டி (நாலு 12 அங்குல ஸ்பீக்கர்), உள்ளே நாலும் செலெஸ்டியன் கம்பெனியுடையது, பச்சை மூடி. தேதிக் குறியீட்டில் வருஷத்துக்கான எழுத்து ஜே. பட்டியல் ஒன்றில் ஜே என்றால் 1964 என்று பார்த்தேன். குதித்தே விட்டேன். சரியா?

பதில்: இறங்கிவிடுங்கள். செலெஸ்டியன் வருஷத்துக்கு எழுத்து வைத்தது 1956-ல் ஏ என்று தொடங்கி, ஐ-யை விட்டுவிட்டு, 1967-ல் எம் வரை. 1968-ல் திரும்பவும் ஏ. அதனால் அந்த எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு அர்த்தம். ஜே என்றால் 1964 அல்லது 1976. நீங்கள் பார்த்த பட்டியல் பாதிதான்.

எது என்று முடிவு செய்ய எழுத்தை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பாருங்கள். செராமிக் காந்தமும் பச்சை மூடியும் கொண்ட இந்த வகை 60-களின் நடுவில்தான் வந்தது, 64-க்குப் பொருந்தாது. லேபிளில் கம்பெனி விலாசம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேபிளில் தேம்ஸ் டிட்டன் என்றிருக்கும், பிந்தையதில் இப்ஸ்விச். இப்ஸ்விச் என்றிருந்தால் பேச்சே இல்லை, 1976. நாலு ஸ்பீக்கரின் தேதியும் சில வாரத்துக்குள் இருந்தால் நாலும் ஒன்றாகவே வந்தவை என்று நம்பலாம். மூன்று ஒரு மாதமும் ஒன்று வேறு வருஷமும் என்றால் அந்த ஒன்று கருகிப்போய் மாற்றியது.

பொதுவாக, மேலே நான் சொன்ன 606, 137 கணக்கெல்லாம் அமெரிக்கப் பாகங்களுக்கு. பிரிட்டிஷ் பெட்டியில் அதைத் தேடி ஏமாற வேண்டாம். மார்ஷலின் முதல் ஜேடிஎம்45 ஆம்ப்பை ஃபெண்டர் பாஸ்மேனின் 5எஃப்6-ஏ சர்க்யூட்டை ஒட்டித்தான் செய்தார்கள், ஆனால் பாகம் உள்ளூரில் கிடைத்தது. 60-களின் நடுவிலிருந்து தலைப்பெட்டிக்குள் டிரேக் டிரான்ஸ்ஃபார்மரும் முல்லார்டின் கடுகு மஞ்சள் நிறக் கபாசிட்டரும் பார்க்கலாம். அந்த மஞ்சள் கபாசிட்டர்களைப் பழைய டிவி, ரேடியோவிலிருந்து பிடுங்கி ஆம்ப்பில் வைத்து "ஒரிஜினல்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நிறம் சரியாக இருக்கும், சால்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி (மதுரை வாசகர்): அப்பா ரேடியோ மெக்கானிக். அவர் பெட்டியில் புது வால்வுகள் கிடக்கின்றன, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பி.இ.எல்.) செய்த ஈசிசி83 சில, ஜெர்மன் கம்பெனி டெலிஃபுங்கனின் பெயர் போட்டது ஒன்று. கிடார் ஆம்ப்பில் போடலாமா? போட்டால் ஆம்ப்பின் ஒரிஜினல் தன்மை போய்விடுமா?

பதில்: தாராளமாகப் போடலாம். ஈசிசி83 என்பது அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்று சொல்லும் அதே வால்வ். வால்வ் தேயும் பொருள், கார் டயர் மாதிரி, அதை வைத்து யாரும் ஆம்ப்பின் வயதைச் சொல்லக்கூடாது. அந்தக் காலத்து ஃபெண்டர் என்று அச்சிட்ட வால்வ் நாலும் இருந்தால் அழகு, அவ்வளவுதான். ஃபெண்டர் ஒன்றும் வால்வ் செய்யவில்லை, ஆர்.சி.ஏ., ஜி.இ., சில்வேனியா செய்ததன் மேல் தன் பெயரை அச்சடித்தது.

அந்த டெலிஃபுங்கனை மட்டும் கவனமாகப் பாருங்கள். கண்ணாடியின் மேல் உள்ள அச்சை விரலால் தேய்த்தாலே போய்விடும், திரும்ப அச்சடிக்கவும் முடியும், அதனால் அச்சுக்கு மதிப்பில்லை. வால்வைத் தலைகீழாகப் பிடித்து அடியில் பின்களுக்கு நடுவே கண்ணாடியைப் பாருங்கள், சாய்சதுர வடிவம் ஒன்று கண்ணாடியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்க வேண்டும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். ஜெர்மனியில் டெலிஃபுங்கனே செய்தது என்பதற்கு அதுதான் அடையாளம். இருந்தால் ஆம்ப்பில் போடாமல் பத்திரமாக வையுங்கள், சில ஆம்ப்புகளை விட அதற்கு வாங்க ஆள் அதிகம்.

முல்லார்ட் ஏதாவது கிடைத்தாலும் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மங்கலாகப் பொறித்த இரண்டு வரியைத் தேடுங்கள். இரண்டாவது வரியில் முதல் எழுத்து ஃபேக்டரி, பி (B) என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன். அடுத்து வருஷத்தின் கடைசி இலக்கம், மாதத்துக்கு எழுத்து, கடைசியில் வாரம். இங்கேயும் பத்தாண்டு எது என்பது உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி (நியூ ஜெர்சி வாசகர்): நேரில் போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் ஒரு ஆம்ப். படம் அனுப்பச் சொன்னால் முகப்பை மட்டும் பத்துக் கோணத்தில் அனுப்புகிறார். எந்தப் படங்களைக் கேட்பது?

பதில்: முகப்புதான் மாற்ற எளிதானது. முகப்புத் தகடு, துணி, குமிழ், பெயர்ப்பலகை, வால்வ் அட்டவணை எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1968 வெள்ளி முகப்பு ஆம்ப் ஒன்றுக்குக் கறுப்புத் தகடு மாட்ட ஒரு மதியம் போதும்.

நீங்கள் கேட்க வேண்டியது: சேஸியை வெளியே எடுத்து உள்பக்கம் முழுவதும் ஒரே படமாக, பிறகு அதையே மூன்று பகுதியாக நெருக்கத்தில். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணும் படிக்கிற மாதிரி, அவற்றின் ஒயர் சேஸிக்குள் நுழையும் இடமும். கண்ட்ரோல்களின் முதுகு. ஸ்பீக்கர் விளிம்பு எண்ணும் கோனின் பின்பக்கமும். ஸ்பீக்கர் பலகையில் போல்ட் சுற்றி வேறு ஓட்டை இருக்கிறதா என்று தெரியும்படி ஒன்று. பெரிய கபாசிட்டர்களை மூடியிருக்கும் தட்டைக் கழற்றி ஒன்று. எடுப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, கபாசிட்டர்களை இறக்க அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தெரியாதவர் என்றால் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோகச் சொல்லி அந்தக் கூலியை நீங்கள் தருவதாகச் சொல்லுங்கள்.

சேஸியைக் கழற்ற மாட்டேன், கழற்றினால் ஒரிஜினல் போய்விடும் என்று சொல்பவர் உண்டு. நாலு போல்ட் அது. கழற்றி மாட்டலாம். கூலி தருகிறேன் என்ற பிறகும் மறுத்தால் மாற்றிய ஆம்ப்புக்கு என்ன விலையோ அதைச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு டாலர்கூட ஏறாதீர்கள்.